ஐ-17 ஏற்றத்தில் கியர்பாக்ஸ் வேகாமல் இருக்க: கடும் வெயிலில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோடை வந்துவிட்டால் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே திசைதான்: வடக்கு. ஐ-17 நெடுஞ்சாலையைப் பிடித்து ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஏறிவிட்டால் பைன் மரக் காற்று கிடைக்கும், இரவில் போர்வை தேடலாம். 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (43 செல்சியஸ்) குறையாமல் காய்ந்த ஊர் இது. ஓடாமல் என்ன செய்வது?

ஆனால் அந்த 145 மைல் பாதை கியர்பாக்ஸை வாட்டி எடுத்துவிடும். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடியில். ஒரே சீராக ஏறினாலும் பரவாயில்லை. பிளாக் கேன்யன் சிட்டியிலிருந்து சன்செட் பாயிண்ட் வரை மூச்சு முட்ட ஏறி, அப்புறம் கேம்ப் வெர்டே பள்ளத்தாக்கில் இறங்கி, சேர்த்த உயரத்தில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும்.

முதல் வருடம் நான் செய்தது இது: மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி முழுக்க நிரம்பியிருந்தது. கியர் லீவர் 'டி'யில், வேகம் மணிக்கு 70 மைல். சன்செட் பாயிண்ட் ஓய்விடத்துக்கு இரண்டு மைல் முன்னால் டேஷ்போர்டில் 'டிரான்ஸ்மிஷன் ஹாட்' என்று எழுத்து வந்தது. கருகிய வாசனை அதற்கு முன்பே வந்திருக்கிறது. பக்கத்து லாரியின் பிரேக் என்று நினைத்து ஜன்னலை ஏற்றிக்கொண்டேன். அந்த ஆயிலை மாற்றும்போது அது கருப்புக் காப்பி நிறத்தில் வந்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ள பிக்கப் டிரக், பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்) வண்டியில் டிரெய்லர் இழுக்க நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றே ஒன்று: சின்ன டிரெய்லராகப் பாருங்கள்.

முதலில், சூடு எங்கே பிறக்கிறது?

பலரும் பற்சக்கரங்கள் உரசிச் சூடாவதாக நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். பெரும்பங்கு சூடு டார்க் கன்வெர்ட்டரில் பிறக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, நேரடிப் பிணைப்பு இல்லாமல், ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துகிற வட்டப் பெட்டி அது. உள்ளே இரண்டு விசிறிகள். எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலை வீச, அந்த வேகத்தில் மற்றது சுற்றுகிறது. பாரம் கூடும்போது இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அந்த வித்தியாசம் முழுக்க, மத்தைப் போட்டுக் கடைகிற மாதிரி, ஆயிலைக் கடைவதிலேயே போகிறது. கடைந்த ஆயில் சூடாகும்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 12,000 பவுண்டு (சுமார் 5,400 கிலோ) என்று வையுங்கள். 6 சதவீத ஏற்றத்தில் 45 மைல் வேகத்தில் ஏற, அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 64 கிலோவாட் வேண்டும். காற்றின் தடை, டயரின் உருளல் எல்லாம் சேர்த்தால் 100 கிலோவாட்டை நெருங்கும். கன்வெர்ட்டர் அதில் பத்து சதவீதத்தை விழுங்கினாலும் 10 கிலோவாட். வாளித் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் ராடு ஒரு கிலோவாட் என்றால், அப்படிப் பத்து ராடுகளைப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஆயிலுக்குள் போட்டு வைத்தது போல.

இந்தக் கடைசலை நிறுத்த ஒரு வழி உள்ளேயே இருக்கிறது. லாக்-அப் கிளட்ச். அது பிடித்துவிட்டால் இரண்டு விசிறிகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, வழுக்கல் ஏறக்குறைய இல்லாமல் போகும், சூடு சட்டென்று குறையும். ஏற்றத்தில் கால் அழுந்த அழுந்த, பல வண்டிகளில் கணினி அந்தப் பூட்டை விடுவித்துவிடுகிறது. கீழே வரும் படிகளில் பாதி, இந்தப் பூட்டு விடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான். ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் வாங்குவதைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். அது பிறந்த சூட்டை வெளியேற்றும் வேலை. பிறக்காமல் தடுப்பது செலவில்லாத வேலை.

படி 1: எண் தெரிய வேண்டும்

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும்போது காரியம் கெட்டுவிட்டிருக்கும். டிகிரியை எண்ணாகக் காட்டும் கேஜ் வேண்டும். பல பிக்கப்களில் அது மெனுவுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும், தோண்டிப் பாருங்கள். இல்லையென்றால், 1996-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்கின் அடியில், வண்டிக் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கிறது. அதில் செருகும் புளூடூத் அடாப்டரும் கைபேசியில் ஒரு செயலியும் போதும். ஒரு சிக்கல்: கியர்பாக்ஸ் வெப்பநிலை எல்லா வண்டிக்கும் பொதுவான குறியீட்டில் வருவதில்லை, ஒவ்வொரு கம்பெனியும் தனிக் குறியீடு வைத்திருக்கிறது. உங்கள் மாடலுக்கான குறியீட்டைச் செயலியில் சேர்க்க வேண்டியிருக்கும். அடாப்டர் வாங்குவதற்கு முன்பே அதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கேஜ் எந்த இடத்து வெப்பத்தைக் காட்டுகிறது என்பதும் முக்கியம். ஆயில் பேனில் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருக்கும் சென்சார் நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் குழாயில் வைத்த சென்சார் ஒரே நிமிடத்தில் 40, 50 டிகிரி ஃபாரன்ஹீட் தாவும். முதல் வகையில் 230 என்பதும் இரண்டாம் வகையில் 230 என்பதும் ஒரே கவலை இல்லை.

படி 2: எந்த எண்ணுக்குப் பயப்படுவது

பேனில் அளக்கும் வெப்பத்தை வைத்துச் சொல்கிறேன். 175 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் (80 முதல் 93 செல்சியஸ்) வரை நிம்மதி. புது வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆயிலை வேண்டுமென்றே சூடாக வைத்திருக்க ஒரு தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். அவற்றில் வெறும் வண்டியிலேயே 200 காட்டினால் பதற வேண்டாம். 220-ஐத் தொட்டால் நான் வேகத்தைக் குறைக்கிறேன். 240-இல் ஆயில் சிதைந்து வார்னிஷ் போல உள்ளே படியத் தொடங்கும், ஓரம் கட்டும் இடம் தேட வேண்டிய நேரம். 260-க்கு மேல் ரப்பர் சீல்கள் இறுகுகின்றன. 295-க்குப் பக்கத்தில் கிளட்ச் தகடுகள் கருகி வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடு. அதற்கப்புறம் எண்ணைப் பார்த்துப் பயனில்லை.

மெக்கானிக்குகள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று: 175-க்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் அதைவிடத் தாங்கும். ஆனாலும் எண் ஏறுவதன் விலை என்ன என்பதை மனதில் பதிக்க அது போதும்.

படி 3: எடையைக் குறைத்துக் கிளம்புங்கள்

தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல், அதாவது 150 கிலோ. போகும் முகாமில் குழாய் இருந்தால் இதை ஏன் 6,000 அடி தூக்கிக்கொண்டு போக வேண்டும்? வழியில் வண்டி நின்றுபோனால் குடிக்கத் தேவையான தண்ணீர் மட்டும் டிரக்கிலேயே இருக்கட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒருமுறையாவது லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். கொக்கியின் மேல் அழுந்தும் எடை டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். டயர் காற்று சரியாக இல்லையென்றாலும் இழுவை கூடும். இந்தப் படிக்கு இவ்வளவு போதும்.

படி 4: ஆயில்

'ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்' என்று விற்கும்போது சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. உங்கள் கையேட்டில் கடினப் பயன்பாடு என்று தனி அட்டவணை இருக்கும். வெயிலில் டிரெய்லர் இழுப்பவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது 30,000 முதல் 60,000 மைலுக்குள் ஒரு மாற்றத்தைக் கேட்கும்.

கம்பெனி சொன்ன ரகத்தை மட்டும் ஊற்றுங்கள். டெக்ஸ்ரான் யுஎல்வி என்ற மிக மெல்லிய ஆயிலைக் கேட்கும் கியர்பாக்ஸில் பழைய கெட்டி டெக்ஸ்ரானை ஊற்றினால் வால்வுகள் நேரத்துக்கு வேலை செய்யாது. 'எல்லா வண்டிக்கும் ஏற்றது' என்று எழுதிய டப்பாவை நான் தொடுவதில்லை. அளவும் முக்கியம். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும், நுரை சூட்டைக் கடத்தாது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத வண்டிகளில், குறிப்பிட்ட வெப்பநிலையில் எஞ்சின் ஓடும்போது அடியில் ஒரு திருகைக் கழற்றி அளவு பார்க்கிறார்கள். அந்த வெப்பநிலை ஏற்பாட்டைச் சரியாகச் செய்கிற கடையில் கொடுங்கள்.

டிப்ஸ்டிக் இருந்தால் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பு நல்லது. பழுப்பு, மாற்றும் காலம். கருப்பும் கருகல் வாசனையும் சேர்ந்தால் மலை ஏறாதீர்கள். இளஞ்சிவப்பில் பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலண்ட் கலந்துவிட்டது. அப்படி ஒரு வண்டியை ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது.

படி 5: கூலர்

பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் முதலில் ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் போய், எஞ்சின் கூலண்டிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு வருகிறது. கூலண்டே 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஆயிலை எவ்வளவு குளிர்விக்க முடியும்? ஆகவே முன்னால், ஏசி கண்டென்சருக்கு (ஏசியின் சூட்டை வெளியே விடும், ரேடியேட்டர் போன்ற பாகம்) எதிரே, காற்றால் குளிரும் தனிக் கூலர் ஒன்று வேண்டும். டோ பேக்கேஜுடன் (டிரெய்லர் இழுப்பதற்கான கூடுதல் வசதிகள்) வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கிரில் வழியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் செலவழியுங்கள்.

புதிதாகப் போடுவதென்றால் தட்டுகளை அடுக்கிச் செய்த ஸ்டாக்டு பிளேட் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் குழாயும் துடுப்பும் உள்ள மலிவு வகையைவிட அதிகச் சூட்டை எடுக்கும், ஆயில் ஓட்டத்தையும் அதிகம் தடுக்காது. ஃபீனிக்ஸ் போன்ற ஊரில் ஆயில் முதலில் ரேடியேட்டர், அப்புறம் புதுக் கூலர், அங்கிருந்து கியர்பாக்ஸ் என்று போகும்படி இணையுங்கள். குளிர்ந்த ஆயில் கடைசியில் நேராக வீடு திரும்ப வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு உள்ள வண்டியில் அதைத் தாண்டாமல் இணைக்கும் கிட் கிடைக்கும்.

கூலரைக் கண்டென்சரின் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் கம்பி குத்தி மாட்டும் முறை பெட்டியிலேயே வரும். செய்யாதீர்கள். வண்டி அதிர அதிர அந்தக் கம்பி கண்டென்சரை ஓட்டை போட்டுவிடும். உலோகப் பட்டை வைத்து ஃபிரேமில் பொருத்துங்கள். ரப்பர் குழாய், கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று விற்பதாக இருக்கட்டும். சாதாரண பெட்ரோல் குழாய் இந்தச் சூட்டில் விரிசல் விடும்.

கூலர் எவ்வளவு பெரிதானாலும் காற்றுப் போனால்தான் வேலை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் தூசியும் கம்பளம் போலப் படிந்திருக்கும். கோடைக்கு முன் தோட்டக் குழாயில் மெதுவாக, முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். நான் கழுவிய நாளில் பாதி அரிசோனா வெளியே வந்தது.

படி 6: விடியலுக்கு முன் கிளம்புங்கள்

சூடு இறங்கும் வேகம், ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 200 டிகிரி, அதிகாலைக் காற்று 85 என்றால் வித்தியாசம் 115. மத்தியானக் காற்று 115 என்றால் வித்தியாசம் 85 மட்டுமே. கூலரில் நாலில் ஒரு பங்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த மாதிரி. நாலரை மணிக்குக் கிளம்பினால் சன்செட் பாயிண்ட் ஏற்றம் சூரியன் நன்றாக மேலே வருவதற்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள். ஊரே அந்தச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும், ஊர்வதில் லாக்-அப் பிடிக்காது, காற்றும் ஓடாது.

படி 7: ஏற்றத்தில் ஓட்டும் விதம்

வழிகாட்டியின் மையம் இதுதான்.

டிரெய்லர் மாட்டியவுடன் டோ ஹால் பொத்தானை அழுத்துங்கள். கியர் மேலே மாறுவதைத் தாமதப்படுத்தும், பூட்டை நீண்ட நேரம் பிடித்து வைக்கும், இறக்கத்தில் தானே கீழ் கியருக்கு வரும். ஏற்றம் கண்ணில் பட்டதும், எஞ்சின் திணறும்வரை காத்திருக்காமல், மேனுவல் முறையில் ஒரு கியரோ இரண்டு கியரோ குறையுங்கள். பெட்ரோல் எஞ்சின் 3,500 முதல் 4,200 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டு ஏறும். ஏறட்டும். அந்தச் சத்தம்தான் பலரைப் பயமுறுத்துகிறது; எஞ்சினைக் காப்பாற்றுவதாக நினைத்து மேல் கியரிலேயே முக்க விடுகிறார்கள். மேல் கியரில் முக்கும்போது பூட்டு விடும், ஆயில் கடையும். கீழ் கியரில் கத்தும்போது கால் குறைவாக அழுந்தும், பூட்டு நிற்கும். பம்பும் கூலண்ட் பம்பும் வேகமாகச் சுற்றும் என்பது கூடுதல் லாபம்.

பூட்டு நிற்கிறதா என்று கண்டுபிடிக்கச் சின்னச் சோதனை. சீராக ஏறும்போது பெடலைக் கொஞ்சம் கூட்டி அழுத்துங்கள். வேகம் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் 200, 300 எகிறினால் பூட்டு விட்டுவிட்டது. ஒரேயடியாக 800, 1,000 எகிறினால் அது கியர் மாற்றம். பூட்டு விட்டால் காலை லேசாகத் தளர்த்துங்கள், அல்லது இன்னொரு கியர் இறக்குங்கள். இரண்டு கியருக்கு நடுவே வண்டி ஏறி இறங்கி அலைவதை விடவே கூடாது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சூட்டு அலை உள்ளே போகிறது.

வேகம்? 70-க்கும் 55-க்கும் 15 மைல்தான் வித்தியாசம். ஆனால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால், 70-இல் அது இரண்டு மடங்கு. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சட்டமே 55 மைல்தான். இன்னொன்றும் பாருங்கள். கம்பெனிகள் இழுவைத் திறனை அறிவிக்கப் பின்பற்றும் எஸ்ஏஈ (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே2807 தரத்தில், இதே அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம்தான் பரீட்சைக் களம். புல்ஹெட் சிட்டி பக்கத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து பதினோரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றம். வெளியே குறைந்தது 100 டிகிரி, ஏசி முழு வீச்சில். அங்கே பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டுமே உள்ள டிரக் 40 மைலுக்குக் குறையாமல் ஏறினால் தேர்ச்சி. கம்பெனிக்கே 40 மைல் போதும் என்னும்போது நாம் ஏன் 70-இல் முண்டியடிக்க வேண்டும்?

மிக மெதுவாகவும் போகக் கூடாது. 30 மைலுக்குக் கீழே பல வண்டிகளில் பூட்டே பிடிக்காது. முன்னால் ஊரும் லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகாமல் தூரம் விடுங்கள், 45 முதல் 50-இல் வலது தடத்தில் சீராக ஏறுங்கள்.

எண் 215-ஐத் தாண்டினால் ஏசியை அணைத்துவிடலாம். கண்டென்சர் சூடாக்கிய காற்றுதான் பின்னால் ரேடியேட்டருக்குப் போகிறது. ஐ-15-இல் பேக்கரைத் தாண்டி லாஸ் வேகாஸ் பக்கம் ஏறும்போது ஏசியை அணைக்கச் சொல்லிச் சாலையோரப் பலகையே வைத்திருக்கிறார்கள். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் ஏசியை அணைக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

உயரம் ஏற ஏற காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஆகவே கேம்ப் வெர்டேக்கு அப்புறமான இரண்டாம் ஏற்றத்தில் வெளியே குளிராக இருந்தும் வண்டி கூடுதலாகத் திணறினால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு ஏற்றத்துக்கும் நடுவே வரும் இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சின் பிரேக் பிடித்து இறங்குங்கள். ஆயில் 20, 30 டிகிரி இறங்கிவிடும்.

படி 8: சூடேறிவிட்டால்

240-ஐத் தொட்டால் பாதுகாப்பான, சமதளமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். வண்டியின் அடிச் சூட்டில் தீப்பிடிக்கும். எஞ்சினை உடனே அணைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அணைத்தால் பம்ப் நின்று, கொதிக்கும் ஆயில் இருந்த இடத்திலேயே வெந்துகொண்டிருக்கும். பார்க்கில் போட்டு 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்மில் வைத்திருங்கள். சில பழைய டாட்ஜ் டிரக்குகளில் பார்க்கில் கூலருக்கு ஆயில் போகாது, அவற்றில் நியூட்ரல்தான். நியூட்ரல் என்றால் கை பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் கட்டாயம், பிரேக் பெடலில் இருந்து காலை எடுக்க வேண்டாம். ஐந்து பத்து நிமிடத்தில் எண் 200-க்குப் பக்கம் வந்துவிடும். ஏசி அணைந்திருக்கட்டும்.

அடியில் சிவப்பாகச் சொட்டினாலோ புகை வந்தாலோ கணக்கே வேறு. ஆயில் பொங்கி சைலன்சர் குழாயில் விழுந்தால் தீ. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள், டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு பேச்சு, சூடு சம்பந்தமில்லை என்றாலும்: கிளம்பும் முன் டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி தரையில் இழுபடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அந்தப் பொறியில் பற்றும் சாலையோரத் தீ இந்த மாநிலத்தில் புதிதல்ல.

படி 9: முகாமில் பின்னால் தள்ளும்போது

மேலே வந்துவிட்டோம் என்று எல்லோரும் கேஜைப் பார்ப்பதை விட்டுவிடும் நேரம் இது. ஏற்றமான சரளைக் கல் இடத்தில் ரிவர்ஸில் இன்ச் இன்ச்சாகத் தள்ளும்போது பூட்டு இல்லை, காற்று இல்லை, பாரம் முழுசாக இருக்கிறது. நான் பார்த்த மிக வேகமான சூடேற்றம் நெடுஞ்சாலையில் அல்ல, முகாமில் மூன்றாவது முறை முயன்றபோதுதான்: ஐந்து நிமிடத்தில் 30 டிகிரி. நாலு சக்கர இழுவையில் 'லோ' இருந்தால் மண், சரளை மேல் அதைப் போடுங்கள். கன்வெர்ட்டரின் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும். தார், சிமெண்ட் தரையில் திருப்பும்போது வேண்டாம், அச்சு முறுக்கிக்கொள்ளும். இரண்டு முறை தவறினால் பார்க்கில் போட்டு, கை பிரேக் பிடித்து, எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, மனைவியிடமோ கணவரிடமோ சமாதானம் பேசி முடித்துவிட்டு மூன்றாவது முறை முயலுங்கள்.

முகாமில் வண்டியை அணைக்கும் முன் மூன்று நான்கு நிமிடம் சும்மா ஓடட்டும். அன்று எந்த ஏற்றத்தில் எத்தனை டிகிரி, வெளியே எவ்வளவு, எந்த கியர் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். என் நோட்டில் சன்செட் பாயிண்ட் ஏற்றம் போன வருடம் 206, இந்த வருடம் 219. அதே சுமை, அதே நேரம். ரேடியேட்டரைக் கழுவினேன், 208-க்கு வந்தது. கழுவியும் இறங்காமல் இருந்திருந்தால் ஆயில் பேனைக் கழற்றச் சொல்லி, காந்தத்தில் ஒட்டியிருக்கும் பொடியைப் பார்த்திருப்பேன். சாம்பல் நிற மாவு மாதிரி இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் அடுத்த மலைக்கு அந்த டிரெய்லரை இன்னொருவர் வண்டிதான் இழுக்க வேண்டும்.